எண்ணெய் பூசின கால்

மருந்துக் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே, உங்களை ஒரு கேள்வி தேடி வரும். ஜலதோஷத்துக்கு மாத்திரை கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்பார்கள். "வயசு ஏறாம இருக்கறதுக்கு ஏதாவது இருக்குதுங்களா?" என்னிடமும் கேட்டார்கள். ஒருவர் தலைமயிரைக் காட்டிக் கேட்பார். ஒருவர் முழங்காலைக் காட்டிக் கேட்பார். இன்னொருவர் எதையும் காட்டமாட்டார், பக்கத்தில் வேறு ஆள் இல்லையே என்று பார்த்துக்கொண்டு கேட்பார். சிரிக்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் பயம் இருக்கிறது.

நான் அதிகம் படித்தவன் இல்லை. விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர் வேலை. காலை பாசஞ்சரில் போய், பொழுது சாய்கிற வண்டியில் திரும்புவேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் டாக்டர் கொஞ்ச காலம் பட்டாள ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர். "எங்கேயும் என் பேரைச் சொல்லாதே, நோயாளி பேரையும் முழுசாச் சொல்லாதே" என்று அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதனால் அவர் இதில் வெறும் டாக்டர்தான். மற்றவர்களுக்கும் பெயரை மாற்றியே எழுதுகிறேன்.

மல்லாட்டை மண்டிக்காரர் ஒருவர், நிலக்கடலை வியாபாரி, வாரம் தவறாமல் வருவார். வியாதி ஒன்றும் கிடையாது, வயசு ஏறுகிறதே என்கிற கவலைதான். ஒருநாள் கேட்டார்:

"டாக்டரே, விழுப்புரம் டேசன்ல ஒருத்தன் காயகல்பம்னு உருண்டை விக்கிறான். வாங்கித் தின்னா வயசு நின்னுடுமாமே?"

"அதுல பாதரசம் இருந்துச்சுன்னா நிச்சயமா நின்னுடும். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட ஏறாது" என்றார் டாக்டர்.

மண்டிக்காரருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். டாக்டர் இரக்கப்பட்டு, தபாலில் வந்த ஒரு சஞ்சிகையில் படித்ததைச் சொன்னார். வெளிதேசத்தில் எலிகளுக்குத் தீனியைக் குறைத்துப் போட்டுப் பார்த்தார்களாம். வயிறு முட்டத் தின்ற எலிகளைவிட, குறைவாகத் தின்றவை அதிக நாள் இருந்தனவாம்.

"அப்ப என் மண்டியில மூட்டை தூக்கறவன்லாம் நூறு வயசு இருக்கணுமே!" என்று சிரித்தார் மண்டிக்காரர்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அந்த எலிக்கு அளவுதான் கம்மி. சத்துல ஒண்ணும் குறை வைக்கலை. உங்க ஆளுங்களுக்கு அளவும் கம்மி, சத்தும் கம்மி, முதுகுல மூட்டை வேற. ரெண்டும் ஒண்ணு இல்லைங்க."

மண்டிக்காரர் போன பிறகு என்னிடம் சொன்னார்: "வயசு வேற, வயசுமேல நாம போடற பழி வேற. முதல்ல பழியைப் பிரிச்சு எடு. மிச்சம் இருக்கறதுதான் வயசு. அது நாம நினைக்கறதைவிடக் கொஞ்சம்தான் இருக்கும்."

எனக்கு அது சட்டென்று விளங்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் பார்க்கப் பார்க்க விளங்கிற்று. புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு பெரியவரை மருமகள் கூட்டிவந்தாள். ஒன்று கேட்டால் ஒன்று சொல்கிறாராம். டாக்டர் காதைப் பார்த்தார், நான் வெந்நீரைப் பீச்சினேன், கொட்டைப்பாக்கு அளவுக்குக் குறும்பி வந்து விழுந்தது. பெரியவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். மருமகள் பேசுவதைக் கொஞ்சநேரம் கேட்டார். "இன்னாம்மா, எப்பவும் இவ்ளோ சத்தமாத்தான் பேசுவியா?" என்றார். அவர் புத்தியில் கோளாறே இல்லை. வயசின் மேல் போட்ட பழி அது.

ஆனால் நான் சொல்ல வந்தது ஞானம்மாளைப் பற்றி.

திண்டிவனத்துக்கு மேற்கே எங்கள் கத்தோலிக்க வேதக்காரக் குடும்பங்கள் உள்ள ஒரு சின்ன ஊர். ஞானம்மா அங்கே கூலி வேலை செய்து ஒரே பிள்ளையை வளர்த்த கைம்பெண். பிள்ளை பேர் சூசை, மருமகள் லூர்து. தனக்கு என்ன வயசு என்று ஞானம்மாவுக்கே தெரியாது, அறுபதை ஒட்டி இருக்கும். அந்த மழைக்காலத்தில் அவளுக்கு நிமோனியா கண்டது. நெஞ்சு இரைத்து, நினைவு தப்பி, இனி இல்லை என்று ஆனபோது சூசை ஓடிப்போய்ப் பங்குக் கோயில் சாமியாரை அழைத்துவந்தான். அவர் அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். சாகக்கிடக்கிறவர்களுக்குக் கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று மந்திரித்த எண்ணெயைப் பூசி, அந்த உறுப்புகளால் செய்த பாவத்தையெல்லாம் மன்னிக்கும்படி வேண்டுகிற திருச்சடங்கு அது, தேவதிரவிய அனுமானம் என்போம். மறுநாளே எங்கள் டாக்டரும் போனார். யுத்தத்தில் பாடுபட்டுச் சேர்த்து வைத்திருந்த சல்ஃபா மாத்திரையில் மிச்சமிருந்ததை அவளுக்கே கொடுத்தார். சர்வேசுரன் கிருபையால் காய்ச்சல் விட்டது.

காய்ச்சல் விட்டவள் எழுந்திருக்கவில்லை.

என்ன என்று பார்த்துவர டாக்டர் என்னை அனுப்பினார். சைக்கிளில் போனேன். கயிற்றுக் கட்டிலில் வெள்ளைப் புடவை கட்டி, கையில் ஜெபமாலையோடு நீட்டிப் படுத்திருந்தாள். கால் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. லூர்து கரண்டியால் கஞ்சித்தண்ணி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, உடம்பு தேவலைதானே? ஏன் எழுந்திருக்கல?"

"எப்படி தம்பி எழுந்திருப்பேன்? காலுக்குப் பூசியாச்சே."

சூசைதான் விளக்கினான். பரிசுத்த எண்ணெய் பட்ட பாதம் திரும்ப மண்ணை மிதிக்கக்கூடாது என்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கை. பூசினவர்கள் யாரும் அதுவரை பிழைத்ததில்லை, அதனால் அதைச் சோதித்துப் பார்க்க வழியும் இருந்ததில்லை. செருப்பு என்பது அந்த வீட்டுக்குள் நுழைந்தே இராத சாமான். கொல்லைப்பக்கம் போவதற்குக்கூடச் சூசை தாயைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போனான். அவ்வளவு பிரியம். அவனைக் குறை சொல்ல என் மனம் இன்றைக்கும் ஒப்பாது.

நான் இருக்கும்போதே பக்கத்து வீட்டம்மா வந்து கட்டிலண்டை குந்தினாள். "ஞானம்மாக்கா, மேல போனா எங்க அம்மாவப் பாப்ப இல்ல? சின்னவளுக்குக் கண்ணாலம் கூடியிருக்குதுன்னு சொல்லு. மறந்துடாத."

"சொல்றேன், சொல்றேன். நேத்து ஒருத்தி மூணு சேதி சொல்லிக்கினு போயிருக்கா. எல்லாத்தையும் நெனப்புல வெச்சிக்கினுதான் படுத்துக்கினுகீறேன்."

திரும்பி வந்து டாக்டரிடம் சொன்னேன். நம்பிக்கையைக் கேலி செய்வார் என்று பயந்தேன். அவர் கேட்டது வேறு.

"கால் ஒடிஞ்சு மாவுக்கட்டுப் போட்டிருந்தானே, அந்த மாட்டுவண்டிக்காரப் பையன். கட்டைப் பிரிச்சப்போ கால் எப்படி இருந்துச்சு?"

"மெலிஞ்சு, தோல் தொங்கி, கிழவன் கால் மாதிரி இருந்துச்சுங்க."

"அவனுக்கு என்ன வயசு?"

"இருபது இருக்கும்."

"இருபது வயசுக் காலை மாவுக்கட்டு கிழவன் கால் ஆக்கிடுச்சு. அதை வயசா பண்ணிச்சு? உடம்பு பெரிய சிக்கனக்காரன்ப்பா. வேலை செய்யாத உறுப்புக்குச் சோறு போடமாட்டான். தொடைச் சதையை முதல்ல குறைப்பான். எலும்புல இருக்கற சுண்ணாம்பை உருவுவான். மல்லாக்கப் படுத்தே இருந்தா நெஞ்சுக்கடியில சளி தங்கும். திடீர்னு எழுந்தா ரத்தம் தலைக்கு ஏறாது, மயக்கம் வரும். உடனே எல்லாரும் சொல்வாங்க, 'பாவம், வயசாயிடுச்சு'ன்னு. பட்டாளத்துல அறுவை பண்ணவங்களைச் சீக்கிரம் எழுப்பி நடக்க விட்டோம். படுக்கப் போட்டவங்களைவிட அவங்க ஜல்தியாத் தேறினாங்க. சின்ன வயசுக்காரன் படுத்தா இழந்ததைத் திரும்ப எடுத்துக்குவான். அந்தம்மா வயசுல ரொம்ப நாள் விட்டா எடுக்கவே முடியாது."

அடுத்த தடவை போனபோது அவர் சொன்னதெல்லாம் கட்டிலில் கிடந்தது. இடுப்பெலும்பு உள்ள இடத்தில் தோல் சிவந்து பிய்ந்திருந்தது. தொடை என் முன்கை அளவுக்கு வற்றியிருந்தது. எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது இருமல். முன்பு போன இருமல் திரும்பி வந்திருந்தது. சல்ஃபா ஒன்றுகூட மிச்சமில்லை என்பது எனக்குத் தெரியும், அலமாரிச் சாவி என்னிடம்தானே. இன்னொரு நிமோனியா வந்தால் அவ்வளவுதான். இன்றைக்கு அவள் எழுந்து உட்கார்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்கிற நிலைமை.

"பெரியம்மா, மெய்யாவே சொல்லுங்க. உங்களுக்குச் சாகணும்னு ஆசையா?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். லூர்து தண்ணிக்குப் போகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"ஆசை இல்ல தம்பி. பயம். இப்ப நான் கழுவி வெச்ச பாத்திரம். கண்ணு சுத்தம், வாய் சுத்தம், கால் சுத்தம். எழுந்தா இந்த வாய் சும்மா இருக்குமா? லூர்தைத் திட்டும். கண்ணு பக்கத்து வூட்டுக் கோழியப் பாத்துப் பொறாமப்படும். அப்புறம் சாவு திடீர்னு வந்தா, சாமியார் ஊர்ல இல்லாத நேரமா வந்தா, நான் இன்னா பண்ணுவேன்? இப்பவே போயிட்டா நல்லபடியாப் போயிடுவேன்."

தம்பிகளே, நானும் அதே விசுவாசத்தில் வளர்ந்தவன். மருந்து கலக்குகிறவனுக்கு இது என்ன கேள்வி?

வெளியே வந்தேன். சூசை என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. அவனும் இருமலைக் கேட்டிருக்கிறான்.

"கம்பவுண்டர் ஐயா, ஒண்ணு பண்ணுங்க. சாமியாரைப் பாத்தேன், எழுந்து நடக்கலாம்னு அவர் சொன்னாருன்னு நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னா அம்மா நம்பும். பொய்யோட பாவம் என் தலையில வரட்டும்."

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை, உயிர் மிஞ்சும். சாமியார் இருந்த ஊருக்கோ சைக்கிளில் போய்வரப் பாதி நாள், அங்கே திண்டிவனத்தில் டாக்டர் எனக்காகக் காத்திருக்கிறார், வாசலில் ஜனம் நிற்கிறது. வேப்பமரத்தடியில் நின்று யோசித்தேன். அவள் பயந்தது செத்துவிடுவோம் என்று இல்லை. ஆத்துமம் கெட்டுவிடும் என்று பயந்தாள். அந்தப் பயத்தை என் பொய்யால் மூடி வைத்தால், ஒருநாள் சாமியாரிடமே கேட்டுவிடுவாள். அப்போது அவள் எடுத்து வைத்த ஒவ்வொரு அடியும் அவளுக்கு நரகமாகத் தெரியும். பெரியவர்களை ஏமாற்றிப் பிழைக்க வைத்தால், பிழைத்த பிறகு அவர்கள் யாரை நம்புவார்கள்?

"சூசை, அம்மாவை நிமிர்த்தி உட்கார வை. கால் மண்ணுல படவேணாம், கட்டில்மேலயே உட்காரட்டும். முதுகுக்கு மூட்டை வை. அதுக்கு எந்தத் தடையும் இல்லையே? நான் போய் வர்றேன்" என்றேன்.

சாமியார் அப்போதுதான் மத்தியான ஜெபம் முடித்துக் கேப்பைக் கூழுக்கு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மண்ணை மிதிக்கக்கூடாதுன்னு யாருய்யா சொன்னது? நான் பிரசங்கத்துல சொன்னேனா?"

"இல்லீங்க சாமி. மிதிக்கலாம்னும் சொல்லலீங்களே."

கூழ்ச் சட்டியைத் தள்ளிவைத்தார். "சைக்கிள்ல பின்னால உட்காரலாமா?" என்று கேட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஞானம்மா மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் பாதி ஊர் நின்றது. சாமியார் கட்டிலண்டை பலகையில் உட்கார்ந்தார்.

"ஞானம்மா, எண்ணெய் பூசி முடிச்சதும் லத்தீன்ல ஒரு ஜெபம் சொன்னேன். என்ன கேட்டேன் தெரியுமா?"

"எனக்கு நினைப்பே இல்லைங்களே சாமி. மோட்சம் கேட்டிருப்பீங்க."

"பாவத்தை மன்னிக்கக் கேட்டேன். அதோட, இவளுக்கு உள்ளேயும் வெளியேயும் பூரண சுகம் தாரும், பழையபடி தன் வேலைகளைச் செய்ய எழுப்பிவிடும்னும் கேட்டேன். புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு. திருச்சபை உன்னைக் கட்டில்ல கிடத்தச் சொல்லலை. எழுப்பத்தான் சொல்லுது."

ஞானம்மா மூட்டையை விட்டு நிமிர்ந்தாள். "என்னைக் கேக்காமலா சாமி கேட்டீங்க?"

"உனக்குத்தான் நினைப்பு இல்லையே."

"பழைய வேலைன்னா? நான் மல்லாட்டை உடைக்கிறவ."

"அதைத்தான் கேட்டிருக்கேன்."

"திரும்ப வாய் பாவம் பண்ணா?"

"வந்து எங்கிட்டச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணு. நான் எதுக்கு இருக்கேன்? இன்னொரு தடவை சாகக்கிடந்தா இன்னொரு தடவை பூசுவேன். எண்ணெய் தீராது."

வாசலில் நின்ற பக்கத்து வீட்டம்மா, "அப்ப எங்க அம்மாவுக்குச் சொன்ன சேதி?" என்றாள். அதுவரை கையைப் பிசைந்துகொண்டிருந்த சூசைகூடச் சிரித்துவிட்டான்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். மனசு எழுந்துவிட்டது, உடம்பு எழவில்லை. அவள் அந்த நிமிஷமே காலைத் தொங்கப்போட்டாள். முகம் வெளுத்து என் தோளில் சாய்ந்துவிட்டாள். "பாத்தீங்களா, வயசு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். "வயசு இல்ல, கட்டில்" என்றேன்.

டாக்டர் சொல்லியபடி மருந்தாகவே அளந்து கொடுத்தோம். வீட்டில் கடிகாரம் கிடையாது. அதனால் ஜெபமாலையில் பத்து மந்திரம் முடிகிற வரைக்கும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்வது. அது பழகின பிறகு, மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லி முடிகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நிற்பது. வேளைக்கு வேளை ஒரு மந்திரம் கூட்டுவது. அடிக்கடி திரும்பிப் படுப்பது, மூச்சை ஆழ இழுத்து இருமிச் சளியைத் துப்புவது. கஞ்சித்தண்ணியை நிறுத்திக் கேப்பைக் களி, காராமணி, கிடைத்த அன்று முட்டை, கருவாடு. வற்றின சதை வெறும் கஞ்சியில் வளராது.

"முட்டையா? வாய்க்கும் பூசியிருக்குது தம்பி."

"அந்த வாயாலதான பெரியம்மா எங்கிட்ட வாதாடறீங்க?"

இருமல் மெல்ல இறங்கிற்று. முதல் தடவை தரையில் நிற்கிற அன்று நான் இருந்தேன். சூசைக்கு மனசு கேட்கவில்லை, தாயின் காலடியில் கோணியை விரித்தான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் அந்தக் கோணியை ஒதுக்கித் தள்ளிவிட்டு, மண்ணில் இரண்டு பாதத்தையும் வைத்தாள். கண்ணை மூடி மந்திரம் சொன்னாள். தொடை நடுங்குவது புடவைக்கு மேலேயே தெரிந்தது. முடிகிற வரைக்கும் உட்காரவில்லை.

மல்லாட்டைப் பறிப்புக்கு அவள் கொல்லைக்காட்டுக்குப் போனாள். முன்பு போல வேகம் இல்லை. முழுசாகத் திரும்ப வரவில்லை, அதையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். படுக்கை கொஞ்சத்தை வைத்துக்கொண்டது, வயசும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. ஆனால் லூர்தைத் திட்டுகிற அளவுக்குச் சத்து வந்துவிட்டது. மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் முதலாவதாக நின்றாள்.

இப்போது உடம்பின் அணுவுக்குள்ளேயே போய் வயசின் வேரைத் தேடுகிறார்கள் என்று படிக்கிறேன். தேடட்டும், கண்டுபிடிக்கட்டும், நானும் வேண்டிக்கொள்கிறேன். அந்த மருந்து உங்கள் அலமாரிக்கு வருகிற வரைக்கும், கேட்டு வருகிறவர்களிடம் "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். காதைப் பாருங்கள், பல்லைப் பாருங்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள், எவ்வளவு நேரம் படுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஏன் எழுந்திருக்கவில்லை என்றும் கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன்னால் அவர்கள் சும்மா இருந்தால், காத்திருங்கள்.

ஞானம்மா மறுபடி சாகக்கிடந்தது சுதந்திரம் வந்த பிறகு. இந்தத் தடவை இருதயம், டாக்டர் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். அதே சாமியார்தான் வந்தார். அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது.

"இந்தத் தடவையும் எழுப்பிவிடச் சொல்லிக் கேப்பீங்களா சாமி?"

"புஸ்தகத்துல இருக்கே ஞானம்மா. கேட்டுத்தான் ஆகணும்."

"கேளுங்க. குடுக்கறதும் குடுக்காததும் அவர் இஷ்டம்."

கண், காது, மூக்கு, வாய், கை என்று பூசிக்கொண்டே காலுக்கு வந்தார். முந்தாநாள் வரைக்கும் மல்லாட்டைக் கொல்லையில் இருந்த கால். பாதமெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் செம்மண் இறுகிக் கிடந்தது. லூர்து பதறிப்போய் ஈரத்துணியோடு குனிந்தாள்.

"வேணாம், இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, சாமியார் அந்த மண்ணின் மேலேயே எண்ணெயைப் பூசினார்.